பம்மல் மாடிப்படியில் ஒரு கிர்ணிக்கொடி

தாம்பரத்தில் நாங்கள் இப்போது குடியிருக்கும் ஃபிளாட்டில் விதை போட்டால் முளைத்துவிடுகிறது. பால்கனியில் காலை வெயில் விழுகிறது. குழாயில் வருவது நல்ல தண்ணீர். தை பிறந்ததும் நாற்றுத் தட்டுகளைத் துடைத்து வைத்து, தக்காளி, கத்தரி, வெண்டை என்று போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனால், சில நாட்களில் எல்லாம் தலையைத் தூக்கிவிடுகின்றன. இவ்வளவு சுலபமாக நடப்பதில் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு. யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருப்பதில்லை. யாரும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து, "இன்னா, வந்துச்சா?" என்று கேட்பதும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பம்மலில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த அக்கா.

அது ஊரடங்கெல்லாம் முடிந்து எல்லாரும் வெளியே போகத் தொடங்கிவிட்ட சமயம். என் கணவர் குரோம்பேட்டையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். என் ஆபீஸில் மட்டும் வீட்டிலிருந்தே பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். காலையில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், இரவு திரும்பும்வரை எனக்குத் துணை லேப்டாப்பில் தெரியும் முகங்கள்தான். அவர்களும் மீட்டிங் முடிந்ததும் பட்டென்று மறைந்துவிடுவார்கள். நாங்கள் இருந்தது மாடி போர்ஷன். வெளிப்பக்கமாக இரும்பு கிரில் போட்ட மாடிப்படி, அதன் முடிவில் திறந்த மொட்டை மாடி, அதற்குப் பின்னால் எங்கள் இரண்டு அறைகள். கீழே முன்பக்கத்தை வீட்டுக்காரர் பூட்டிவைத்திருந்தார். பின்பக்கத்தில் அந்த அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். குடிவந்து ஒரு வருஷம் ஆகியும், கேட்டைத் திறக்கும்போது சிரித்துக்கொள்வதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஒருநாள் மேற்குத் தாம்பரத்தில் பிளாஸ்டிக் சாமான் வாங்கப் போனவள், பக்கத்தில் இருந்த விதைக்கடையில் ஏன் நுழைந்தேன் என்று தெரியவில்லை. பாக்கெட்டுகளில் அச்சடித்திருந்த காய்களின் பளபளப்பில் மயங்கியிருக்க வேண்டும். தக்காளி, கத்தரி, பீர்க்கை என்று எடுத்துக்கொண்டே போய், கடைசியில் கிர்ணி என்கிற முலாம்பழ விதை பாக்கெட் ஒன்றையும் எடுத்தேன்.

"மாடியில வருமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"போட்டுப் பாருங்க. வந்தா பழம், வரலைனா கொடி" என்றார்.

வீட்டில் இருந்த பிளாஸ்டிக் டீ கப்புகளின் அடியில் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டேன். தேங்காய் நார்த்தூளையும் மண்புழு உரத்தையும் பிசைந்து நிரப்பினேன். கிர்ணி விதையை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டி, இன்வெர்ட்டர் மேல் வைக்கச் சொல்லி ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் எப்போதும் லேசான சூடு இருக்கும். துணியைப் பிரித்துப் பார்த்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு விதையின் கூர்முனையும் விரிந்து, உள்ளிருந்து வெள்ளையாக ஒரு துளி வேர் நீட்டிக்கொண்டிருந்தது. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கணவருக்கு ஃபோன் செய்து சொன்னேன். "சரி, சாயந்தரம் பாக்கறேன்" என்றார். சாயங்காலம் பார்க்க மறந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. முளைத்தவை எல்லாம் இரண்டாவது ஜோடி இலை விடுவதற்குள் ஓரம் கருகின. கப்பின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தக்காளி நாற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. காரணம் தெரியாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அதுவே காரணம் என்று பிறகுதான் உறைத்தது. தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதி அது. எங்கள் போர் தண்ணீரில் பல் தேய்த்தாலே வாய் கரிக்கும். சமையலுக்கு லாரித் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் மூடி வைத்திருந்தோம். அதிலிருந்து செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

மறுபடியும் விதையை ஊறவைத்து முளைகட்டிவிட்டு, தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோதுதான், கீழே சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் காதில் விழுந்தது. அக்கா வீட்டு ஏசியின் குழாய் படிக்கட்டின் அடியில் முடிந்தது. அதற்குக் கீழே ஒரு பெயிண்ட் பக்கெட் முக்கால்வாசி நிறைந்து தெளிவாக இருந்தது. அவர் கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் அவர் தூங்குவதால் பகலெல்லாம் ஏசி ஓடும். அதில் உப்பு இருக்காது என்று எங்கோ படித்திருந்தேன்.

கதவைத் தட்டினேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, அந்த ஏசி தண்ணிய நான் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? தினமும் ஒரு சொம்பு போதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எதுக்கும்மா ஒனக்கு? நான் அதுலதான் அவரு சட்டைய அலசறேன். போர் தண்ணில போட்டா சோப்பு நொரயே வர மாட்டேங்குது, வெள்ளச் சட்டலாம் மஞ்சளா பூடுது."

"செடிக்கு அக்கா. விதை போட்டிருக்கேன்."

"செடிக்கா?" என்றார். அந்த ஒற்றைச் சொல்லில், ஆள் குளிக்கவே நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் இது வேறா என்ற கேள்வி முழுதாக இருந்தது. "சட்டைக்கே பத்த மாட்டேங்குதுமா" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன்.

அன்று சாயங்காலம் படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம். அக்காவுக்கு முட்டிவலி உண்டு. ஒரு கையால் கிரில்லைப் பிடித்து, மறுகையில் அந்தப் பெயிண்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு இம்மாந் தவிக்கிறன்னு பாக்கலாம்னு வந்தேன். எங்க கீது செடி?"

செடி எதுவும் இல்லை. கப்புகளில் மண் மட்டும்தான் இருந்தது. துணியைப் பிரித்து, முளைகட்டிய கிர்ணி விதைகளைக் காட்டினேன். கண்ணாடி எடுத்து வராததால் அவர் முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு விதையை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"பழம் வெட்டும்போது இத்தினி நாளா வழிச்சு வழிச்சுக் குப்பைல கொட்டிகினு கீறேன்" என்றார் கடைசியில். "இதுக்குள்ள இது கீதா?"

அப்படித்தான் தொடங்கியது. அக்கா பம்மலிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பத்தில் யாரும் விவசாயம் பார்த்ததில்லை. எனக்கும் எதுவும் தெரியாது. எங்கள் இருவரின் அறியாமையும் ஒரே அளவில் இருந்தது என்பதால்தான் எங்களுக்குள் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது. காலையில் கணவரின் சட்டையை அலசிவிட்டு மீதித் தண்ணீரை மேலே கொண்டுவருவார். நான் மீட்டிங்கில் இருந்தால் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கப்புகளின் அருகே போய் உட்கார்ந்துகொள்வார். நாற்றின் இலைநுனியில் விதையின் ஓடு தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருந்தால், "பாவம், கண்ணு தெரியாமக் கீது" என்று நகத்தால் மெதுவாக எடுத்துவிடுவார். அப்படி எடுத்ததில் இரண்டு நாற்றின் தலையே போயிற்று. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் கணவர் சொன்னார்.

எங்களுக்குள் வந்த ஒரே பெரிய வாக்குவாதம் ஒரு கப்பில் முளைத்திருந்த இரட்டைக் கிர்ணியைப் பற்றியது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்ததும் அக்கா கப்பைத் தூக்கிக்கொண்டார்.

"ரெண்டும் நல்லாதானே கீது. எத கிள்ளுவ?"

"சின்னத அக்கா. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா ரெண்டும் வளராது."

"சின்னதா பொறந்துச்சுனு அத சாவடிப்பியா? குடு, நான் தனியா வெச்சிக்கறேன்."

கிர்ணி நாற்றின் வேரைத் தொந்தரவு செய்யக்கூடாது, பிரித்து நட்டால் பிழைக்காது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. கப்பை வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கரையவிட்டு, விரலால் சீவிச் சின்னதைத் தனியே எடுத்தார். ஓர் அரிசிப் பையில் மண் நிரப்பி, மாடிப்படி தொடங்கும் இடத்தில் கிரில்லை ஒட்டி வைத்தார். மூன்றாம் நாளும் அது தலை தொங்கியே கிடந்தது. அக்கா அதற்குத் தண்ணீர் தெளிப்பதை விடவில்லை. பிறகு ஒரு காலை, கீழிருந்து குரல் வந்தது.

"ஏ கண்ணு! இங்க வா! எழுந்து நின்னுகினு கீது!"

மாடியில் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கிர்ணிகள் வெயில் ஏற ஏறக் காய்ந்தன. தரையின் சூடு பைக்குள் இறங்கியிருக்கும். பீர்க்கை மட்டும் பிழைத்தது. படியோரத்து நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் அக்காவின் கொடி கிரில்லைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. மாசி முடிவதற்குள் என் வாசலை எட்டிவிட்டது. மஞ்சள் பூக்கள் வந்தன, உதிர்ந்தன. ஆண்பூ, பெண்பூ என்று இரண்டு உண்டு, பெண்பூவின் அடியில் குட்டிக் காய்போல இருக்கும், தேனீ வராவிட்டால் நாமே மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும் என்று விளக்கினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கும் நாமதான் மாப்ள பாக்கணுமா?"

ஒரு காலை ஆண்பூவைப் பறித்து இதழ்களைப் பிய்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து, பெண்பூவின் நடுவில் அதை மெதுவாகத் தொட்டார். "பிஸ்மில்லா" என்று உதடு அசைந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்த அவர் கணவர், நாங்கள் இருவரும் படியில் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆபரேஷன் நடக்குது?" என்றார். "சும்மா கெட, பூவுக்கு ஷாதி நடக்குது" என்றார் அக்கா.

அந்தக் காய் நின்றது. எலுமிச்சை அளவாகி, ஆரஞ்சு அளவாகி, பிறகு கனம் தாங்காமல் கொடி தொங்கத் தொடங்கியதும், அக்கா தன் பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்துக் கிரில்லில் தூளி கட்டி அதைப் படுக்கவைத்தார். நோன்பு தொடங்கியிருந்தது. சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வாங்கிவந்த நோன்புக் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் படியிலேயே கிடைக்கும். பாங்கு சொல்லும்வரை இருவரும் காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "பெருநாளுக்குள்ள பழுத்துடும் இல்ல?" என்று தினமும் கேட்பார். "பழுத்துடும் அக்கா" என்று தினமும் சொல்வேன். எனக்கு அப்படி நிறைவாக இருந்த சாயங்காலங்கள் அதற்கு முன்போ பின்போ அதிகம் இல்லை. அன்று அது தெரியவில்லை. கஞ்சி ஆறிவிடப்போகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் வந்தது அந்த நாட்களில்தான். வீட்டைக் கட்டுமானக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், இடித்து ஃபிளாட் கட்டப்போவதாகவும், பங்குனி முடிவதற்குள் காலிசெய்து தர வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அக்காவின் மகள் கேளம்பாக்கத்தில் இருந்தாள். அவள் இருந்த குடியிருப்பிலேயே ஒரு வீடு காலியாக, உடனே வரச் சொல்லிவிட்டாள். நாங்கள் தாம்பரத்தில் தேடிக்கொண்டோம்.

சாமான் ஏற்றும் நாள் காலை நான் லீவு போட்டுவிட்டுக் கீழே போனேன். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் லோடு வண்டியில் ஏறிவிட்டன. அக்கா மட்டும் படியருகே நின்றுகொண்டிருந்தார். காய் தேங்காய் அளவுக்கு வந்து, தோலில் வலைபோலக் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. நிறம் இன்னும் பச்சைதான்.

"பறிச்சுக்கோங்க அக்கா" என்றேன்.

"பழுக்காதத எதுக்குப் பறிக்கறது?"

"அப்ப என்ன பண்றது?"

"கொடியோட தூக்கினு போலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடி கிரில் முழுக்கப் பின்னியிருந்தது. ஒவ்வொரு பற்றுக்கம்பியும் இரும்பைச் சுற்றிச் சுருள் சுருளாக இறுகியிருந்தது. நான் மேல்படியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே இறங்க, அக்கா கீழிருந்து கொடியைக் கையில் வாங்கிச் சுருட்டாமல் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். சாமான் ஏற்றிய ஆட்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வண்டிக்காரர் அக்காவின் கணவரான அண்ணனிடம் கேட்டார், "இன்னா பாய் இது, கடைல கெடைக்காத பழமா?"

"வேற எது வுட்டுப் போனாலும் பரவால்லப்பா, அது வண்டில ஏறணும். இல்லேனா நான் ஏற முடியாது" என்றார் அவர்.

அண்ணனை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நானும் அக்காவும் பின்னால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஏறிக்கொண்டோம். அரிசிப் பை எங்கள் கால்களுக்கு இடையில். காய் துப்பட்டாவோடு அக்கா மடியில். மீதிக் கொடி என் தோளிலும் கையிலும். தாம்பரம் தாண்டி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் சாலையில் காற்று அடிக்கத் தொடங்கியதும் இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அக்கா என் புடவை முந்தானையையும் தன் முந்தானையையும் சேர்த்துப் பிடித்துக் கொடிக்கு மறைப்பு கட்டினார். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார். நோன்பு வைத்த வாயோடு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தத் தண்ணீர் எப்போது வேறு மாதிரி ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆகி வந்ததுலேந்து அந்த வூடுதான் கண்ணு" என்றார் கொஞ்சநேரம் கழித்து. நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். இரண்டு கையிலும் கொடி இருந்தது.

புது வீடு நான்காவது மாடி. பால்கனியில் பையை வைத்து, துணிக்கொடிக் கயிற்றில் கொடியைப் படரவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாளே இலைகள் தொங்கிவிட்டன என்று அக்கா ஃபோனில் சொன்னார். தினமும் சொல்வார். இன்று அடி இலை மஞ்சள், இன்று நடு இலை. காய் மட்டும் அப்படியே கீது என்பார். பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, "தொட்டதும் கையோட வந்துடுச்சு. நீயும் தம்பியும் வாங்க, நோன்பு தொறக்கச்சொல்ல வெட்டலாம்" என்று அழைத்தார்.

போனோம். கஞ்சி, வடை, பேரீச்சம்பழம் எல்லாம் பாயில் பரப்பியிருக்க, நடுவில் ஒரு தட்டில் அந்தப் பழம் இருந்தது. நோன்பு திறந்ததும் அக்கா கத்தியை என்னிடம் நீட்டினார். நான் அவரையே வெட்டச் சொன்னேன். உள்ளே வெளிர்பச்சையாக இருந்தது. நடுவில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோம்.

"வெள்ளரிக்கா நல்லா கீது" என்றார் அண்ணன்.

அக்கா அவரை முறைத்த முறைப்பில் என் கணவர் தன் துண்டை அவசரமாக மென்று விழுங்கி, "இல்லக்கா, இனிப்பு இருக்கு, லேசா இருக்கு" என்றார். விதை ஊறவைத்த செய்தியை ஃபோனில் கேட்டுவிட்டு மறந்துபோனவர், அன்று இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கினார். கடைசியில் அக்காவே சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பாலும் சர்க்கரையும் ரோஸ் சிரப்பும் கலந்து கிளாஸில் ஊற்றித் தந்தார். அப்படிக் குடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. விதைகளைக் கழுவிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகச் சப்பையாக இருந்தன. ஊதினால் பறந்துவிடும். இருந்தாலும் கொண்டுவந்து ஊறவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அன்று திரும்பும்போது தாம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, இனிமேல் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் இத்தனை தூரம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கீழே இறங்கினால் போதும் என்று இருந்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் மனதில் தைத்தது. அதற்குப் பின் அடிக்கடி போவோம் என்று சொல்லிக்கொண்டோம். அடிக்கடி போக முடியவில்லை. என்னை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள்.

போன மாசியில் தாம்பரத்துக்குத் துணி எடுக்க வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். டீ குடிப்பதற்கு முன்பே பால்கனிக்குப் போய்விட்டார். தட்டு நிறைய நின்ற கத்தரி நாற்றுகளை உள்ளங்கையால் மேலாகத் தடவினார். "இன்னாமா, இங்க எல்லாம் தானா வருது போல" என்றார். கிளம்பும்போது சில நாற்றுகளை ஈரத்துணியில் சுற்றித் துணிப்பையின் மேலாக வைத்துக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டு, அது வளைந்து மறையும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டுப் பால்கனியில் காற்று அதிகம். ஒரே ஒரு செடிதான் நின்றதாம். சில வாரங்களுக்கு முன் ஆபீஸிலிருந்து வரும்போது அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் குக்கர் சத்தமும் பேத்தியின் அழுகையும் கேட்டன.

"கண்ணு, நீ குடுத்த கத்திரிக்கா ரெண்டு காச்சுதுமா. இன்னிக்கு தால்ச்சால போட்டேன். இவரு ஒண்ண முழுசா எடுத்துகினாரு, கேட்டா தெரியாம எடுத்துட்டேன்றாரு. நீ வந்திருந்தா ஒனக்கு ஒரு துண்டாவது எடுத்து வெச்சிருப்பேன். எப்ப வர்ற?"

ரயில் சானடோரியம் தாண்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பதில் போட்டேன்.